வீட்டுக்கு வழி மறக்கவைக்கும் புத்தகம்

கிளை நூலகர் வேலை என்றால் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தூங்குவது என்று ஊரே நினைக்கிறது. திருவாரூர்ப் பக்கம் அந்த மின்விசிறிக்குப் பாதி நாள் கரண்ட்டே இருக்காது என்பது என்னைப்போல மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

விவசாய அலமாரியில் பூதம்

புதிதாக வந்த புத்தகங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாயாஜால நாவல் ஒன்று இருந்தது. ஒரு மந்திர நூலகம். அங்கே பொல்லாத புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருப்பார்கள். திறந்தவரை அவை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனவருக்கு வீட்டுக்கு வழி மறந்துவிடும். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை. ஒரு பூதம் வேறு காவல்.

உறுப்பினர் கார்டு இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அங்கேயே உட்கார்ந்து பாதி படித்துவிட்டு, மறுநாள் வேறு யார் கையிலும் சிக்கக் கூடாதென்று சம்பந்தமில்லாத அலமாரியில் செருகிவிட்டுப் போவார்கள். அப்படித்தான் நாவல் விவசாயத்துக்குள் போனது. நெற்பயிர் நோய்ப் புத்தகம் தேடி வந்த கோவிந்தராசு அதை உருவி, நின்ற நிலையிலேயே படித்துக்கொண்டிருந்தார். மூடும் நேரமாகிவிட்டது என்று வாங்கி வைத்தேன். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"குருத்துப்பூச்சிக்கு மருந்து தேடுனா பூதம் கெளம்புது. அது கெடக்கட்டும் சார், அந்தப் பொண்ணு தப்பிச்சுச்சா இல்லையா?"

கார்டு மேசைக்கு வந்தது

அடுத்து அதை எடுத்துப் போனவள் பத்தாவது படிக்கும் ஸ்டெல்லா. இரண்டாம் நாளே அவள் அம்மா ஆரோக்கியமேரி வந்து, நாவலையும் மகளின் கார்டையும் மேசைமேல் வைத்தார். இனி அவள் நூலகத்துக்கே வரமாட்டாளாம். நல்ல வாசகி போகிறாளே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. கதைதானே அம்மா என்றேன்.

ஆரோக்கியமேரியின் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனவர். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வார். வரவரப் பேச்சு சுருங்கிக்கொண்டே போனது. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஆள் வரவில்லை. இதெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்குத்தான் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

"ஏற்கெனவே ஒருத்தரு வீட்டுக்கு வழி மறந்து நிக்கிறாரு சார். இவளுக்கும் அதையே கத்துக்குடுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "நீங்க படிச்சுப் பாருங்கம்மா. வேணாம்னு சொன்னா அலமாரியிலேருந்தே எடுத்துடறேன்" என்று நாவலை அவரிடமே கொடுத்தேன். கார்டை மேசை டிராயரில் போட்டுக்கொண்டேன்.

தவணை தாண்டியும் புத்தகம் வரவில்லை. ஒருநாள் ஆரோக்கியமேரி வெறுங்கையோடு வந்தார். உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு வெளியிலிருந்து ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டினால், வழி ஞாபகம் வந்துவிடும் என்று நாவலில் ஓரிடத்தில் வருகிறது. அந்த இடத்தை அவர் விடவில்லை. முதலில் ஸ்டெல்லாவின் கார்டைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். புத்தகம் எங்கேம்மா என்றேன்.

"வாராவாரம் போன்ல அவருக்குப் படிச்சுக் காட்டுறேன் சார். இப்பல்லாம் அவரேதான் 'அப்புறம், அப்புறம்'ங்கிறாரு. கடைசி அத்தியாயத்த மட்டும் நேர்ல வந்து கேட்டுக்குங்கன்னு நிறுத்தி வெச்சிருக்கேன். அவரு வர்ற வரைக்கும் புத்தகத்தக் கேக்காதீங்க."

இரவல் போன புத்தகம் திரும்பி வர வேண்டுமே என்று எல்லா நூலகர்களும் வேண்டிக்கொள்வார்கள். நானும் கோவிந்தராசுவும் மட்டும் சிங்கப்பூரிலிருந்து ஆள் வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம்.