அயர்லாந்து போய்வந்த அண்ணன்

என் அண்ணன் தங்கதுரைக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் கதை சொல்வது. குடியோ சீட்டாட்டமோ இருந்திருந்தால் அவர் மட்டும் கெட்டிருப்பார். கதை சொல்லி இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக் கெடுத்தார். தவளை தன் வாயால் கெடும் என்று சொன்னவனுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. இங்கே தவளை கத்தினால் பக்கத்து வரப்பில் இருக்கிறதைத்தான் பாம்பு பிடிக்கும். ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். நைனார்பாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரம், அவ்வளவு போதும். அண்ணன் இப்போது கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக என் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

அந்தக் காலத்தில் அவர் ஜீப் டிரைவர். கல்வராயன் மலையில் அயர்லாந்துக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. பிரசவ வலி கண்ட மலைப் பெண்களைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கிக் கொண்டு வருவார். பதினோரு வருஷத்தில் ஒரு உயிர்கூட அவர் ஜீப்பில் போனதில்லை, இரண்டு குழந்தைகள் ஜீப்பிலேயே பிறந்தன. மழைக்காலத்தில் மலைப் பாதை சேறாகிவிடும், வண்டியைத் தள்ள ஒரு ஆள் வேண்டும். அதற்கு அவர் கூட்டிப் போனது பச்சமுத்துவை.

பச்சமுத்து காலனிக்காரர். எங்கள் மேட்டுக் கொல்லை ஒரு ஏக்கரை அவர்தான் பன்னிரண்டு வருஷமாக வாரத்துக்குப் பயிர் வைத்தார். விளைந்ததில் பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு. கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. ஆடியில் கடலை விதைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் பிடுங்கினால்தான் உண்டு. அவருக்கும் அவர் மனைவி ஜெயம்மாளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் வருஷம் முழுக்க அந்த ஒரு கொல்லைதான் சோறு.

1985இல் பெரிய சிஸ்டர் விடுப்பில் ஊருக்குப் போனபோது அண்ணனையும் மூன்று மாதத்துக்கு அழைத்துப் போனார். மலையில் ஜீப் ஓட்டுகிற கதையை மாதா கோயில் மாதா கோயிலாகச் சொன்னால் புது ஜீப்புக்கு நன்கொடை சேரும் என்று சிஸ்டருக்கு எண்ணம். அண்ணன் தமிழில் சொல்வாராம், சிஸ்டர் அவர்கள் பாஷையில் சொல்வாராம், கிழவிகள் மூக்கைச் சிந்துவார்களாம். பாஸ்போர்ட் வந்த அன்று நைனா பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தார். நைனா என்றால் எங்கள் அப்பா, சடையன்.

திரும்பி வந்தவர் வாயைத் திறந்தால் அயர்லாந்துதான். அங்கே மழை பெய்யாத நாளே இல்லையாம். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து உப்பும் வெண்ணெயும் தொட்டுத் தின்பார்களாம். சதுப்பு மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்களாம். செத்தவரை நடுவீட்டில் கிடத்திவிட்டு விடிய விடிய டீ குடித்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்களாம். மேயோ என்ற ஜில்லாவில் ஒரு கிழவர் அண்ணனை ஒரு வாரம் தன் பண்ணையில் வைத்துக்கொண்டு, போட்டுக்கொள்ள ரப்பர் பூட்ஸ் கொடுத்து, கூரையில்லாத கல் வீடுகளைக் காட்டினாராம். வாரம் கட்ட முடியாத குடியானவர்களை நிலக்காரர்கள் வெளியே தள்ளி, திரும்பி வராமல் இருக்கக் கூரையை இடித்துப் போட்ட வீடுகள். நூறு வருஷமாகியும் சுவர்கள் அப்படியே நின்றனவாம். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் குரல் இறங்கும்.

ஊர் விரும்பிக் கேட்டது பாய்காட் கதை. அங்கே மாஸ்க் ஏரிக்கரையில் பாய்காட் என்று ஒரு ஏஜெண்டு, ஒரு பிரபுவுக்கு வாரம் வசூலிக்கிறவன். 1880இல் அவன் குடியானவர்களை நிலத்தைவிட்டுக் கிளப்பப் பார்த்தான். ஒருத்தரும் அவனைத் தொடவில்லை. வயலுக்கு ஆள் வரவில்லை, கடைக்காரன் சாமான் விற்கவில்லை, துணி வெளுக்கிறவள் வரவில்லை, லாடம் அடிக்கிறவன் வரவில்லை, தபால்கூட நின்றது. அறுப்புக்கு வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டி வந்து, அவர்களுக்குக் காவலாகப் பட்டாளத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரில் அவன் நாட்டைவிட்டே போய்ச் சேர்ந்தான். பேப்பரில் நாம் படிக்கிற பாய்காட் அவன் பெயர்தான். டீக்கடையில் அண்ணன் இதைச் சொல்லி முடித்தால் விசில் பறக்கும்.

அதில் அண்ணன் ஒரு சாமர்த்தியம் பண்ணினார், அதுதான் அவர் செய்த தப்பு. டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவர்கள் எல்லோரும் நிலக்காரர்கள். வாரத்துக்குப் பயிர் வைத்தவர்கள் நிலக்காரன் ஆளை எதிர்த்தார்கள் என்று சொன்னால் யார் ரசிப்பார்கள்? அதனால் 'ஊரே ஒண்ணா நின்னுச்சி' என்று மட்டும் சொல்வார். முழுக் கதையை அவர் சொன்னது பச்சமுத்துவிடம், எங்கள் வீட்டு வாசலில், நான் விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது.

"அப்பறம் நெலம் இன்னா ஆச்சி, தொரண்ணே?" என்று பச்சமுத்து கேட்டார்.

"கொஞ்சங் கொஞ்சமா சட்டம் போட்டு உழுதவனுக்கே குடுத்துட்டாங்கப்பா."

பச்சமுத்து சிரித்தார். "நல்ல ஊரா இருக்குதே. நம்ம ஊரு ஆபீசருங்கள ஒருவாட்டி அங்க அனுப்பி வெய்யி."

நைனா உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம்.

1987 புரட்டாசி பிறந்த நேரம், இடஒதுக்கீட்டுக்காக ஒரு வாரம் சாலை மறியல். எங்கள் பக்கம் ஒரு வண்டி ஓடவில்லை. இளவட்டங்கள் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஜனத்துக்குப் பங்கு கேட்டதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்தில்லை. நானே பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவள்தான். ஐந்தாம் நாள் போலீஸ் வந்தது. எங்கள் ஆண்கள் கரும்புக் கொல்லைக்குள்ளும் மலையிலும் போய் ஒளிந்தார்கள். போலீஸ் காலனியில் இறங்கி, அகப்பட்ட ஆண்களைக் கோடாலியோடு லாரியில் ஏற்றிப் போய் மரங்களை அகற்றச் சொன்னது. லத்தியோடு நிற்கிறவனிடம் மாட்டேன் என்று யார் சொல்வது? பச்சமுத்துவும் வெட்டினார்.

மறியல் முடிந்து ஊர்க்கூட்டம் கூடியது. காலனிக்குத் தீ வைக்கவேண்டும் என்று நாலைந்து பேர் குதித்தார்கள். அண்ணன் நடுவில் போய் நின்றார்.

"தீ வெச்சா நாம கேட்ட நாயமும் அதோட எரிஞ்சி போயிடும். அயர்லாந்துல ஒருத்தன் மேல ஒரு வெரலு படல. படாமதான் ஜெயிச்சாங்க."

ஆத்திரத்தைத் தணிக்கத்தான் சொன்னார், சத்தியமாக அதற்குத்தான். நைனா எழுந்தார்.

"எம்புள்ள சொல்றது சரி. யாரையும் தொட வாணாம். மொதல்ல கோடாலி தூக்கனவன் பச்சமுத்து. அவனுக்குக் கடையில சாமான் கெடையாது, மிஷின்ல மாவு அரைக்கக் கூடாது. அவன் கொல்லையில எவனும் எறங்கக் கூடாது. கடல மண்ணுலயே கெடக்கட்டும். பாய்காட்டு."

கூட்டம் கை தட்டியது. பச்சமுத்துவுக்குக் கைகொடுத்தால் உங்களுக்கும் இனி வேலை கிடையாது என்று காலனியில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். தன் பாதிக் கடலை போனாலும் பரவாயில்லை என்கிறாரே, சடையன் பெரிய மனுஷன் என்று ஊர் நைனாவைப் பாராட்டியது. நானும் பெருமைப்பட்டேன். அண்ணன் மட்டும் கை தட்டவில்லை.

கடலை பிடுங்கும் பதம் வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆள் பிடுங்க வேண்டிய இடத்தில் பச்சமுத்துவும் ஜெயம்மாளும் பிள்ளைகளும் மட்டும் உட்கார்ந்தார்கள். மண் இறுகிக் கிடந்தது. இழுத்தால் செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள் அறுந்து நிற்கும். களைக்கொட்டால் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அண்ணன் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டுக் கொல்லையில் இறங்கினார். ஊர் வரப்பில் நின்று பார்த்தது.

"இன்னா தொரண்ணே, பட்டாளம் இல்லாம வந்துட்ட?" என்றாராம் பச்சமுத்து. வயிறு காய்கிற நேரத்திலும் அந்த மனுஷருக்குக் கிண்டல் போகவில்லை.

இரண்டு நாளில் கால் பங்கு முடித்தார்கள். அதற்குள் கட்டுப்பாடு எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரி வரவில்லை. அது போகட்டும். ஐப்பசி இருபதாம் தேதி எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருக்கோவிலூர், ஆபீஸ் உத்தியோகம். பந்தல்காரரும் மேளக்காரரும் வர முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அத்தை பெரியம்மாள் நேரிலேயே வந்தார். "ஊர்ல ஒதுக்கி வெச்ச வூட்ல பொண்ணு எடுக்க முடியாதுங்க. ஒரு வாரத்துல சரி பண்ணிக்கினா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப் போயிருந்தது. மண் கையோடு வந்த அண்ணனை வாசலிலேயே மறித்தேன்.

"ஒனக்கு அயர்லாந்து பெருசு, பச்சமுத்து பெருசு. நான் இன்னா உங்கூடப் பொறந்தவ இல்லயா? கடல போனா அடுத்த வருசம் போட்டுக்கலாம். என் கல்யாணம் போனா வருமாண்ணா?"

"செல்வி, இன்னும் முக்கா பங்கு கெடக்குது. மழ எறங்கிடும். அஞ்சி பேரு பட்டினி கெடப்பாங்கடி."

"அப்ப நான் கெணத்துல வுழறேன். நீ போயி கடல புடுங்கு."

இதைச் சொன்னது நான்தான். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு அது எனக்கு நியாயமாகவும் பட்டது. மறுநாள் காலை அண்ணன் கூட்டத்தின் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டார். இனி அந்தக் கொல்லையில் கால் வைக்க மாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். பச்சமுத்துவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவும் விடவில்லை. தொரண்ணன் எங்கேயோ மலைக்குப் போயிருப்பார், சாயங்காலம் வந்துவிடுவார் என்று பச்சமுத்து அன்று முழுக்கப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே பிடுங்கினாராம்.

ஐப்பசி நாலாம் தேதி மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. மண்ணுக்குள் கிடந்த கடலை எல்லாம் முளைவிட்டது.

மழை விட்ட அன்று நைனா பச்சமுத்துவுக்கு ஆளனுப்பினார். வந்தவரைத் தாழ்வாரம் வரைக்கும் கூப்பிட்டு, தணிந்த குரலில் என்னமோ பேசினார். ஏதோ காகிதத்தில் கைநாட்டு வாங்கினார், அரை மூட்டை அரிசி கொடுத்தார். நைனாவுக்கு மனசு இளகிவிட்டது என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துக் குடும்பமே மூட்டை முடிச்சோடு பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குக் கிளம்பியது.

சின்னசேலம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தவர்கள் பக்கத்தில் அண்ணன் ஜீப்பை நிறுத்தினார்.

"ஏறுப்பா. பஸ் ஸ்டாண்டுல வுட்டுர்றேன்."

"வாணாங்க," என்றார் பச்சமுத்து. "பாதியில எவனாவது எறக்குன்னு சொல்லுவான். நீங்களும் எறக்கி வுட்ருவீங்க."

பதினோரு வருஷம் நீ, வா, போ என்று பேசியவர் 'நீங்க' என்று சொல்லிவிட்டார் என்று அண்ணன் என்னிடம் வந்து அழுதார். பிற்பாடு ஆறு தடவை பெங்களூர் போய்க் கட்டிடம் கட்டிடமாகத் தேடினார். அந்தக் குடும்பம் கிடைக்கவே இல்லை.

என் கல்யாணத்துக்கு ஊரே வந்தது. தாலி ஏறி, பந்தி நடந்துகொண்டிருந்தபோது நைனா மணவறைக்கு வந்து ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். மேட்டுக் கொல்லை ஒரு ஏக்கர், மகள் செந்தமிழ்ச்செல்விக்குத் தானம். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பெரியம்மாள் அத்தை பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

"ஆவணியிலயே பேசனதுதாங்க. வாரத்துக்கு ஒருத்தன் இருக்கறான், கெளப்பிட்டு எழுதிக் குடுக்கறேன்னு சொன்னாரு. சொன்ன மாரியே செஞ்சிட்டாரு."

மறியல் நடந்தது புரட்டாசியில். அண்ணன் சாம்பார் வாளியோடு அங்கேதான் நின்றிருந்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"நைனா, அன்னிக்கி பச்சமுத்து கைநாட்டு வெச்சது இதுக்கா?"

"கொல்லைய வுட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தான். நானா அடிச்சித் தொரத்தனேன்? அரிசி குடுத்துத்தான அனுப்பனேன்." நைனா குரலைக்கூட உயர்த்தவில்லை. "உழுதவனுக்கே போயிடும்னு நீதானேடா சொன்ன. அந்த ஊரு நெலக்காரன் ஏமாந்தான். நானும் ஏமாறணுமா?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு வேண்டாம் நைனா என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. மாப்பிள்ளை முழங்கையால் லேசாக இடித்தார். நான் இரண்டு கையையும் நீட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.