தேசிக்காயும் ஐந்தாம் கியரும்

நான் ஒரு மடையன்.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் நேரம் மிச்சம். வழக்கமாக இந்தப் பத்திரிகைப் பத்தியில் பாதித் தூரம் வந்த பிறகு நீங்களாகவே கண்டுபிடிப்பீர்கள். இந்த வாரம் அந்தச் சிரமம் வேண்டாம்.

போன வாரம் பத்தி ஏன் வரவில்லை என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் போன் எடுத்துக் கேட்டார். சுகமில்லையோ என்று அக்கறையாக வேறு விசாரித்தார். சுகத்துக்கு ஒன்றுமில்லை. விரல்களில்தான் பிளாஸ்டர். டைப் பண்ண முடியவில்லை. காரணம் — ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நானே வயரிங் செய்தேன்.

எனக்கு மின்சாரம் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாமல் இருந்தது. அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

கார் என்னுடையதல்ல, மைதிலியுடையது. மைதிலி என் மனைவி. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறாள். விடை சரியென்றால் 'சரி', பிழையென்றால் 'பிழை'... வீட்டிலும் பேச்சு அவ்வளவுதான். எங்களுக்குக் கலியாணமான புதிதில், கனடாவுக்குப் புறப்பட்ட அவளுடைய மாமா விட்டுவிட்டுப் போன கார் அது. ஜப்பானில் செய்தது. சிவப்பு. கதவு இரண்டு. உயரமோ, சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஓட்டோக்காரர் குனிந்து பார்த்து அனுதாபப்படுகிற அளவு. ஓட்டுவது எப்போதும் அவள்தான். என்னிடம் லைசன்ஸ் இருக்கிறது, துணிவுதான் இல்லை.

அந்தக் காரில் ஐந்து கியர். ஐந்தாவதை மைதிலி ஒருநாளும் போட்டதில்லை.

எப்படிப் போடுவது? ஓடியது முழுக்கக் கொழும்பின் காலி வீதியில், பெயரில் மட்டும்தான் காலி. வெள்ளவத்தைச் சந்தையடியில் முதலாவது, பம்பலப்பிட்டியில் இரண்டாவது, முன்னால் பஸ் பிரேக் அடித்தால் மறுபடி முதலாவது. மூன்றாவதுக்குப் போனால் அன்றைக்கு ஊரடங்கு என்று அர்த்தம். அதிவேகப் பாதை இருக்கிறதே என்பீர்கள். அது திறந்த காலத்தில் கார் படுத்துவிட்டது. அதன்பிறகு எங்கள் தொடர்மாடியின் கீழே, தார்ப்பாய்க்குள், பூனைகளின் பிரசவ விடுதியாக இருந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் மைதிலியின் இடது முழங்கால் வேலைநிறுத்தம் செய்தது. டொக்டர் சில மாதம் தள்ளி ஆபரேஷனுக்குத் திகதி குறித்தார். அதற்குப் பிறகு கிளச் மிதிக்கிற வேலை வேண்டாம், ஓட்டோமெட்டிக் கார்தான் என்றும் சொல்லிவிட்டார். மைதிலி வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தாள். பிறகு சொன்னாள்:

"ஒருக்கா அந்த அஞ்சாவதைப் போட்டுப் பாக்கவேணும்."

அவ்வளவுதான். இத்தனை காலத்தில் என்னிடம் அவள் கேட்டது ஒரேயொரு கியர். முடியாது என்று எப்படிச் சொல்வது?

களுத்துறைப் பக்கம் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில், பந்தயம் ஓடாதவர்களும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாம். ஆபரேஷனுக்கு முந்திய கடைசி ஞாயிறுக்குப் பெயர் கொடுத்தோம். தார்ப்பாயைக் கழற்றி, பூனைகளிடம் மன்னிப்புக் கேட்டு, காரை இரத்மலானையில் மெக்கானிக் சுனில் பாஸின் கராஜுக்கு இழுத்துப் போனோம்.

எஞ்சின், பிரேக், கார் பிரண்டால் தலையைக் காப்பாற்றும் இரும்புக்கூடு எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாக சுனில் பாஸ் சிங்களத்தில் சொன்னார். வயரிங் மட்டும் வேறொரு ஆளிடம் கொடுக்க வேண்டுமாம். பழைய வயர் முழுக்கப் போய்விட்டது. எலி கடித்தது பாதி. மாமா காலத்தில் அலாரத்துக்கும் பாட்டுப் பெட்டிக்கும் வெட்டி ஒட்டியது மீதி.

அப்போதுதான் என் வாய் திறந்தது. வயரிங்கை நான் செய்கிறேன் என்றேன்.

ஏன் சொன்னேன்? போனில் வீடியோக்கள் பார்த்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே ஒரு முழுக் காரையும் வயர் பண்ணுகிறான். அவன் சிரித்ததை நான் கவனித்தேன். கையை அல்லவா கவனித்திருக்க வேண்டும்?

வயர் வாங்க மாளிகாவத்தைப் பக்கம், பார்ட்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் வீதிக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா எத்தனை அம்பியர் தாங்கும் வயர் வேண்டும் என்று கேட்டார். நல்ல அம்பியர் என்றேன்.

அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

"ஆரு சேர் வயர் பண்ணப் போற?"

"நான்தான்."

அவர் உள்ளே போய், சின்னதாக ஒரு தீயணைப்புச் சிலிண்டரைக் கொண்டுவந்து வயர்ச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தார். வியாபாரம் தெரிந்தவர்.

அவரிடம் எல்லா நிறத்திலும் வயர் இருந்தது. நீலம், மஞ்சள், பச்சை... நான் எல்லாவற்றையும் சிவப்பிலேயே வாங்கினேன். கார் சிவப்புத்தானே! பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். சேலைக்கு பிளவுஸ் எடுக்கிற மாதிரி.

அதன்பிறகு சனி, ஞாயிறு எல்லாம் இரத்மலானை. சீற், கம்பளம், ஏசி, பாட்டுப் பெட்டி என்று பாரமானதெல்லாம் கழற்றி எறியப்பட்ட வெறும் தகரத்துக்குள் நான் தலைகீழாகக் கிடந்தேன். கால் வெளியே, தலை டாஷ்போர்ட்டுக்கு அடியில். எந்த வயர் எங்கே போகிறது என்று பேப்பர்த் துண்டுகளில் எழுதி ஒட்டினேன். இரத்மலானை வெக்கைக்கு அவை உதிர்ந்தன. உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினேன். முதல் தடவை திறப்பைத் திருப்பியபோது சுனில் பாஸ் கராஜுக்கு வெளியே போய் நின்றார். சிக்னல் போட்டேன், வைப்பர் ஆடியது. பிரேக்கை மிதித்தேன், ஹெட்லைட் எரிந்தது. அன்றைக்கு எது எதற்குப் பதில் சொல்வதென்று காருக்கே குழப்பம்.

ஆனாலும் — நம்புங்கள் — கடைசியில் எல்லாம் வேலை செய்தது. எஞ்சின் உறுமியது. சுனில் பாஸ் உள்ளே வந்தார்.

இந்த இடத்தில் ஒரு வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு வெளியே ஒரு சிவப்பு வளையம் இருக்க வேண்டும் என்பது விதி. கார் எங்காவது மோதி, ஓட்டுபவர் உள்ளே மாட்டிக்கொண்டால், தடத்து ஆட்கள் ஓடிவந்து அதை இழுப்பார்கள். இழுத்ததும் காரின் மின்சாரம் மொத்தமும் நின்றுவிடும், தீப்பிடிக்காமல். அதையும் நானே பூட்டினேன். இடது பக்கம், முன்கண்ணாடிக்குக் கீழே. எத்தனை தரம் இழுத்துப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பேன்!

ஞாயிறு நெருங்க நெருங்க எனக்கு நித்திரை போனது. உள்ளே இருக்கப்போவது மைதிலி. அவளைச் சுமந்து ஓடப்போவது என் வயரிங்.

இங்கே பழைய வாசகர்கள் ஒன்றை ஞாபகப்படுத்துவீர்கள். கண்ணூறு படக்கூடாதென்று வாகனத்தில் தேசிக்காயும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறவர்களை இதே பத்தியில் நக்கலடித்தது யார்? நானேதான். அறிவியல் யுகத்தில் இதென்ன கூத்து என்று கேட்டவனும் நானேதான். அந்தப் பகுத்தறிவாளன் சனிக்கிழமை பின்னேரம் சந்தைக்குப் போய் ஒரு தேசிக்காய் வாங்கினான். நல்ல பெரியது. கூடவே பச்சை மிளகாய். பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு, மைதிலியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த கறுப்பு நூலில் கோத்தான். இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்கிறேன் என்று அவள் கதவைத் தட்டிக் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். பொய்யென்று சொல்ல முடியாது.

ஞாயிறு காலை. தடத்துப் பரிசோதகர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வளையத்தையும் இழுத்துப் பார்த்து, சரி என்று ஸ்டிக்கர் ஒட்டினார். வீட்டில் பிக்குமாருக்குத் தானம் என்று சுனில் பாஸ் வரவில்லை. மைதிலி ஹெல்மெட் எடுக்கப் போனாள். இதுதான் சமயம். தேசிக்காயை எடுத்தேன்.

எங்கே கட்டுவது? பாரம் குறைக்கிறோம் என்று வெளியே நீட்டிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். அன்ரெனா இல்லை. கிறில் இல்லை. பக்கக் கண்ணாடிகூட ஒன்றுதான், அதுவும் மைதிலியின் பக்கம். கட்டுவதற்கு வாகாக அந்தக் காரில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

சிவப்பாக. வளையமாக.

நான் பூட்டிய வளையம். நான் வயர் இழுத்த வளையம். அதில் நானே தேசிக்காயைக் கட்டினேன்... தாலிக்குப் போட்ட அதே மூன்று முடிச்சு. ஓட்டுகிற ஆசனம் வலது பக்கம் என்பதால் மைதிலியின் கண்ணில் படாது. என் மூளையைப் பாராட்டிக்கொண்டு தூரப் போய் நின்றேன்.

மைதிலி புறப்பட்டாள். முதல் சுற்று மெதுவாக, பழகுவதற்கு. இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதைக்கு வந்தாள். கியர் மாறுகிற சத்தத்தைக் காதால் எண்ணினேன். இரண்டு. மூன்று. நான்கு...

பிறகு சத்தமே இல்லை.

கார் ஊமையாக உருண்டு புல்லில் போய் நின்றது. கட்டியிழுத்துக் கொண்டுவந்தார்கள். திறப்பைத் திருப்பினால் ஒரு சின்ன லைட்கூட எரியவில்லை. பிணம்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் வயரிங்தான்! வேறென்ன? டாஷ்போர்ட்டுக்குள் தலையை விட்டேன். பார்த்தால் — எல்லாம் சிவப்பு. பேப்பர் துண்டு ஒன்றுகூட இல்லை. எது எஞ்சினுக்கு, எது மீற்றருக்கு? ஒன்றைப் பிடுங்கினேன், இன்னொன்றைப் பிடுங்கினேன், இரண்டையும் மாற்றிச் செருகினேன், விரல்களை வெட்டிக்கொண்டேன். வளையத்தை ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்களா? யாரும் தொடாத சுவிச் எப்படித் தானாக அணையும்? தர்க்கம்!

மத்தியானம் போனது. கடல் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தடத்து ஆள் ஒருவர் வந்து, கடைசித் தரம் ஓடுகிறவர்கள் வரிசைக்கு வரலாம் என்றும், மழை தொடங்கினால் மூடிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மைதிலி ஒரு பழைய ரயர் மேல், முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு இருந்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஹெல்மெட்டின் பட்டியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் மறுபடி வயர்களுக்குள் முகத்தைப் புதைத்தேன்.

அவள் எழும்பி நொண்டி நொண்டி காரைச் சுற்றி நடந்தாள். இடது பக்கத்தில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ... இதென்ன?"

"தேசிக்காய்."

"தேசிக்காய் எண்டு எனக்கும் தெரியும்."

நான் வெளியே வந்தேன். நேர்ப்பாதையில் காற்று பிடித்ததும் அந்தப் பெரிய தேசிக்காய் பின்னுக்குப் பறந்து, நூலைச் சுண்டி, வளையத்தை இழுத்திருக்கிறது. விபத்து நடந்தால் தடத்து ஆள் ஓடிவந்து செய்ய வேண்டிய வேலையை, விபத்தே இல்லாமல், கச்சிதமாகச் செய்து முடித்திருக்கிறது.

மைதிலி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். வளையத்தை உள்ளே தள்ளினாள். தேசிக்காயை என் சேட் பொக்கற்றில் போட்டாள்.

"பிழிஞ்சு குடியுங்கோ."

கேவலம் எதில் தெரியுமா? என் வயரிங்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை! வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வேலையைச் சரியாகச் செய்திருக்கிறேன். அதை நம்பாமல் நானே காவல் போட்டு, அந்தக் காவலாலேயே கெடுத்திருக்கிறேன். மகளை நம்பாமல் மணிக்கொரு தரம் போன் எடுக்கிற அப்பாக்கள், கதவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்தே பூட்டைக் கழற்றுகிறவர்கள்... நாங்கள் எல்லாரும் ஒரே கட்சி. சாமியை நம்பிக் கட்டுகிறவனுக்கு ஒரு முடிச்சுப் போதும். தன்னை நம்பாமல் கட்டுகிறவனுக்குத்தான் மூன்று தேவைப்படுகிறது.

பிடுங்கியதையெல்லாம் அவசர அவசரமாகத் திருப்பிச் செருகினேன். திறப்பைத் திருப்ப எஞ்சின் உறுமியது. ஆனால் ஒரு பிடி சிவப்பு வயர் என் கையிலேயே மிஞ்சியது. டாஷ்போர்ட்டில் மீற்றர் எல்லாம் பூச்சியத்தில் படுத்திருந்தன. ஸ்பீட் மீற்றர் உட்பட. இதற்கு நேரமில்லை என்று சைகை காட்டிவிட்டு, மைதிலி பிரேக்கை இரண்டு தரம் மிதித்துப் பார்த்தாள். பட்டியை இறுக்கினாள். போனாள்.

நேர்ப்பாதைக்கு வந்தாள். நான் காதைத் தீட்டினேன். இரண்டு. மூன்று. நான்கு... அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கறுப்புக் கார் காது கிழிய அவளை முந்திக்கொண்டு போனது. அதன்பிறகு எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அடுத்த சுற்று வருவதற்குள் முதல் துளி விழுந்தது. கொடியை ஆட்டி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மழையில் நனைந்தபடி காத்து நின்றேன். கார் வந்து நின்றது. மைதிலி ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமயிர் முழுக்க வியர்வை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணக்கு டீச்சர் முகம்.

கதவைத் திறந்துவிட்டு, குனிந்து, மெதுவாகக் கேட்டேன்.

"மீற்றரும் வேலை செய்யேல்லை... எவ்வளவு ஸ்பீட் போனீர்?"

மைதிலி என் கையைப் பிடித்து, இடது காலை முதலில் வெளியே வைத்தாள்.

"அஞ்சாம் கியர்."