உச்சந்தலைப் பள்ளம்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கண்டி மஹய்யாவவிலிருந்து பஸ் ஏறிப்போய், எலும்புகளை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். மண்ணோடு வருகிற எலும்புகளை மெல்லிய பிரஷால் கழுவி நிழலில் காயவைப்பதும் என் வேலைதான். தற்காலிக நியமனம். அதனால் வாயைத் திறக்குமுன் பத்துத் தரம் யோசிப்பேன். யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

ஒரு வருசம் நாலு மாணவர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். தெல்தெனியப் பக்கம் மண்மேடு சரிந்து வெளிப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புகளை அவர்களிடம் கொடுத்தார்கள். யாரென்று தெரியாது. மண்டையோட்டின் உச்சியில் குறுக்காக ஒரு மெல்லிய பள்ளம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி அதில் விரலை ஓட்டிப் பார்த்து, பழைய அடி என்று எழுதினாள். "புருசன்ர கைவேலை," என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

எனக்குத் தெரியும். அது அடியில்லை. சொன்னால், விளக்குமாறு பிடிக்கிறவள் டொக்டராகிவிட்டாள் என்பார்கள். சொல்லாவிட்டால் அந்த மனுசியைத் தேயிலைத் தோட்டங்களில் யாரும் விசாரிக்கப் போவதில்லை. அவளுடைய ஆட்களுக்கு எலும்புகூடக் கிடைக்காது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை தனியாக இருந்தபோது போனேன்.

"தங்கச்சி, அது அடியில்ல. கொழுந்துக் கூடைக் கயிறு. சின்ன வயசுலருந்து தலையில மாட்டுனா அப்படித்தான் பதியும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?"

கொண்டையை அவிழ்த்தேன். கல்யாணமாகி டவுனுக்கு வரும்வரை பதினைந்து வருசம் கூடை சுமந்த தலை. அவள் கையைப் பிடித்து உச்சியில் வைத்தேன். விரல் அங்கேயே நின்றது. பிறகு அளவெடுத்தாள், படமெடுத்தாள். "முகம் வராது அக்கா, பயப்பிடாதேங்கோ."

பயிற்சியின் கடைசி நாள் அவள்தான் பேசினாள். திரையில் அந்த மண்டையோடு, பக்கத்தில் என் தலை. கைதட்டினார்கள். யாருடைய தலை என்று அவளும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. அது போகட்டும். தேத்தண்ணீர் கொடுக்கும்போது கேட்டேன்.

"இனிப் பொலிஸ் தோட்டத்துல போய் விசாரிக்கும்தானே தங்கச்சி?"

"இது எங்கட பயிற்சிக்கு அக்கா. பொலிசுக்கு அறிக்கை முந்தியே போயிட்டுது. பழைய அடி எண்டுதான் போனது."

"எப்ப போச்சு?"

"நீங்கள் வந்து சொன்னதுக்கு முதல் நாள்."

திருத்தி அனுப்ப முடியாதா என்று ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான சேரிடம் கேட்டேன். பார்ப்போம் என்றார். அந்த மனுசி இன்னும் பெட்டிக்குள்தான் கிடக்கிறாள்.

அடுத்த வருசம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். சேர் என்னைக் கூப்பிட்டு, கொண்டையை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்.

"சேர், அந்த அறிக்கை..."

"அத பிறகு பாப்பம். இவங்களுக்கு நேரமில்ல."

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவிழ்த்தேன். ஒருவர் பின் ஒருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.