இரண்டு ராகுகாலமும் ஒரு வள்ளமும்

உல்லாசக் கப்பலின் என்ஜின் நின்றதால்தான் எனக்கு விழிப்பு வந்தது. மூன்று இரவாக உள்ளங்காலுக்குக் கீழே ஒரு பூனை உறங்குவது போன்ற முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. திடீரென்று அது இல்லை. திரைச்சீலையை விலக்கினால் ஜன்னல் நிறைய கிரீஸ் நாட்டுத் தீவு ஒன்று. காலைப் புகாரில் அடிப்பக்கம் மறைந்து, தண்ணீரிலும் இல்லாமல் வானத்திலும் இல்லாமல் நின்றது. மலைச்சரிவில் வெள்ளை வீடுகள், யாரோ தட்டோடு சோற்றைக் கொட்டிவிட்டுப் போனமாதிரி.

“துறைமுகம் எங்கை?” என்று மனைவியைக் கேட்டேன்.

“இஞ்சை துறைமுகம் இல்லையப்பா. டெண்டர்.”

நான் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு கிளீனிங் கொம்பனி வைத்திருக்கிறவன். கவுன்சில் கட்டடங்களைக் கூட்டித் துடைக்க வருஷாவருஷம் டெண்டர் போடுகிறவன். டெண்டர் என்றால் எனக்கு நாற்பது பக்கப் படிவம். பிறகு, வருந்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல்.

“லீவிலையுமோ?” என்றேன்.

அவள் சிரித்தாள். பெரிய கப்பல் கரைக்குக் கிட்டப் போக ஏலாதாம். நடுக்கடலில் நங்கூரம் போட்டு, கப்பலின் வயிற்றில் ஒரு கதவைத் திறந்து, ஆட்களைச் சின்ன வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்களாம். அந்த வள்ளத்துக்குத்தான் டெண்டர் என்று பெயராம்.

நான் கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்தேன். அதற்கு முந்திய துறைமுகங்கள் எல்லாம் எவ்வளவு மரியாதையானவை! கப்பல் கரையோடு வந்து ஒட்டிக்கொள்ளும், கயிறு கட்டுவார்கள், ஒரு பாலம் வரும், நான் கையை வீசிக்கொண்டு இறங்குவேன். இருபத்தெட்டு வருஷமாக ரெயில் மேடையில் இடைவெளியைக் கவனிக்கச் சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கியிருக்கிறார்கள். அந்த இடைவெளி மேலும் கீழும் ஆடும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எட்டரைக்கு மண்டபத்தில் எங்கள் சட்டையில் ஒன்பது என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த எண்ணைக் கூப்பிட்டதும் கீழே போக வேண்டும். மனைவி தொப்பி போட்டு, பையைக் குறுக்கே மாட்டி, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி கதிரை நுனியில் இருந்தாள். நான் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தேன். செம்மஞ்சள் கூரை போட்ட ஒரு வள்ளம் கப்பலின் பக்கத்தில் உரசிக்கொண்டு நின்றது. ஒரு கிழவி கதவடியில் நின்றாள். இரண்டு மாலுமிகள் அவளின் முழங்கைகளைப் பிடித்து, வள்ளம் மேலே வரும்வரை காத்திருந்து, “நவ்!” என்றார்கள். கிழவி கால் வைத்தாள். கால் வைத்தது அவள், ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டது நான்.

“நம்பர் நைன்” என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. மணி ஒன்பது பத்து.

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்தது.

“இஞ்சரும், இண்டைக்குச் சனிக்கிழமை எல்லே? ஒன்பதிலையிருந்து பத்தரை ராகுகாலம்.”

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவள் ராகுகாலம் பார்ப்பதை நக்கலடிக்கிறவன் நான். புது வீட்டுக் கதவின் திறப்பைக் கையில் வாங்க அவள் நல்ல நேரம் பார்த்தபோது, ராகு வெம்பிளியில் பஸ்ஸுக்கு நிற்கிறார், இங்கே வரச் சுணங்கும் என்று சொன்னவன்.

“எப்ப துவக்கம் உங்களுக்கு இந்தப் பக்தி?”

“கடல் விஷயம். விளையாடக் கூடாது.”

எழும்பியவள் மறுபடியும் கதிரையில் இருந்தாள். தன் ஆயுதத்தைத் தானே மறுக்க முடியாதே. நான் போய் இரண்டு தேத்தண்ணி எடுத்துவந்தேன். நங்கூரத்தில் கிடக்கும் கப்பல் சும்மா கிடப்பதில்லை என்பதை அன்றுதான் கண்டேன். மிக மெதுவாகச் சுற்றுகிறது. முதல் ஜன்னலில் இருந்த தீவு இரண்டாவதுக்கு வந்தது, பிறகு தூணுக்குப் பின்னால் ஒளிந்தது, மூன்றாவதில் வெளியே வந்தது. கண்ணாடி வழியே வெயில் வந்து கம்பளத்தில் தண்ணீர் போல நடுங்கியது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு தீவு தன் வீடுகளையும் மணிக்கூண்டையும் தூக்கிக்கொண்டு எங்களைச் சுற்றி உலாத்தியது. இப்படியே பின்னேரம் வரை போனால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

மணி பத்தரை ஆனது. அவள் எழும்பினாள்.

“பொறும்,” என்றேன். “நாங்கள் பாக்கிறது லண்டன் கோயில் கலண்டர். கிரீஸ் இரண்டு மணித்தியாலம் முந்தி. லண்டன் ஒன்பது மணியெண்டால் இஞ்சை பதினொண்டு. அப்ப ராகுகாலம் இனித்தான் வரப்போகுது. பதினொண்டிலையிருந்து பன்னிரண்டரை.”

“அப்ப முதல் வந்தது?”

“அது கப்பல் ராகுகாலம்.”

“யாழ்ப்பாண ராகுகாலம்?”

“அது நாங்கள் காலமைச் சாப்பாடு சாப்பிடேக்கை முடிஞ்சுது.”

பக்கத்துக் கதிரையில் ஒருவர் குலுங்கிச் சிரித்தார். வெம்பிளியில் இருக்கும் மலேசியத் தமிழர், ஓய்வு பெற்ற கணக்காளர், இரவுச் சாப்பாட்டு மேசையில் பழக்கமானவர். அவருக்கு முழங்கால் வலி, அதனால் கரைக்குப் போகவில்லை.

“அண்ணே, நீங்க படகுல பொழைச்சு வந்த ஆளு தானே? அந்தக் காலத்து ஞாபகம் வருதோ? பயப்படாதீங்கலா,” என்றார், குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு.

எனக்கு அருமையான வாய்ப்பு. தலையைக் குனிந்து ஒரு பெருமூச்சு விட்டிருந்தால் போதும், கோழையிலிருந்து வீரனாகிவிடலாம். மூச்சை இழுத்தும்விட்டேன். அதற்குள் மனைவி சொன்னாள்: “இவரோ? இவர் கொழும்பிலையிருந்து பிளேனிலை வந்தவர். ஜன்னல் சீற் கேட்டுச் சண்டை பிடிச்சவராம்.”

உண்மை. அகதி என்ற சொல்லுக்கு நான் செய்த ஒரே தியாகம், விமானத்தில் இரண்டாவது கோழிப் பொதி கேட்காமல் இருந்தது.

அந்த நேரம் ஒலிபெருக்கி மறுபடியும் பேசியது. காற்று எழும்புகிறதாம். கரைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு வள்ளம். அதன் பிறகு கரையில் நிற்பவர்களைத் திருப்பிக் கொண்டுவருவது மட்டும்தான்.

மனைவி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“நீர் கரைக்குப் போட்டு வாருமன்,” என்றேன். “நான் இஞ்சை இருக்கிறன்.”

“தனியப் போறதெண்டால் எனக்கு இது தேவையில்லை.”

“ஏன், தீவிலை அப்பிடி என்ன கிடக்கு?”

“தீவு இல்லையப்பா.” என்றாள். “நான் கிளாலியாலை வள்ளத்திலைதானே வந்தனான். பத்தொன்பது வயசு. இருட்டு. தலையைக் குனியச் சொன்னவை. வள்ளத்தையும் பாக்கேல்லை, தண்ணியையும் பாக்கேல்லை. முன்னுக்கு இருந்தவரின்ரை சேட்டுத்தான் தெரிஞ்சது. ஒருக்காப் பகலிலை, நிமிந்து இருந்து, சின்ன வள்ளத்திலை போய்ப் பாக்கோணும் எண்டு ஆசை. அவ்வளவுதான்.”

இதை அவள் எனக்கு முன்பு சொன்னதே இல்லை. சண்டைக் காலத்தில், நேவிக்குப் பயந்து, இரவில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்தாள் என்று தெரியும். முன்னால் இருந்த சட்டையைப் பற்றித் தெரியாது.

மலேசியக்காரர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று ஐந்து. லண்டன் கலண்டர்ப்படி அசல் ராகுகாலம்.

“எழும்பும்,” என்றேன்.

“ராகுகாலம்?”

“அவரும் வரட்டும். இடமிருக்கு.”

கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும் படிகளை நான் ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கினேன். கதவடியில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அவள் மாலுமியின் கையைப் பிடித்து, பக்கத்து வீட்டுக்குப் போகிறமாதிரிக் கால் வைத்து ஏறினாள். எனக்கு இரண்டு மாலுமிகள் போதவில்லை. மூன்றாவது ஆள் வந்தான். “நவ்” என்றார்கள். நான் “வெயிற்” என்றேன். வள்ளம் இறங்கி ஏறியது. “நவ்!” “வெயிற்!” வரிசையில் பின்னால் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் சத்தமாகக் கொட்டாவி விட்டார். மூன்றாவது நவ்வுக்கு நான் கால் வைக்கவில்லை. என்னைத் தூக்கி வைத்தார்கள் என்பதுதான் சரியான வசனம்.

மேல்தட்டில், திறந்த இடத்தில், ஓர வாங்குப் பலகையில் அவள் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டேன். வள்ளம் எழும்பி விழுந்தது. எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாவற்றையும், முதல் வரி மட்டும், மாற்றி மாற்றிச் சொன்னேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. ஏதோ மரத்தில் இடித்து நின்றது. ஆட்கள் இறங்கும் சத்தம். நானும் எழும்பினேன்.

அவள் எழும்பவில்லை.

“கரை வந்திட்டுது. இறங்கேல்லையோ?”

“உதிலை இறங்கி என்னப்பா செய்யிறது? பிறிட்ஜிலை ஒட்டுற காந்தமும் தொப்பியும்தான் விக்கினம்.” தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “இதிலையே திரும்பிப் போவம். இருங்கோ.”

மூன்று மணித்தியாலமாக நான் ஒரு தீவோடு சண்டை பிடித்திருக்கிறேன். பாவம், அந்தத் தீவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. மாலுமி வந்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். இல்லை, திரும்பிப் போகிறோம் என்றேன். இதை ஏற்றுவதற்கா மூன்று பேர் கஷ்டப்பட்டோம் என்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான்.

கயிறு அவிழ்ந்தது. வள்ளம் மூக்கைத் திருப்பியது. நான் மறுபடி கண்ணை மூடப் போனேன்.

“பாருங்கோவன்,” என்றாள்.

முதலில் ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தேன். கரையோரம் தண்ணீர் இளம்பச்சை. அடியில் கிடந்த கல்லும் மணலும் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவு. எங்கள் வள்ளத்தின் நிழல் அவற்றின் மேல் ஏறி இறங்கி எங்களோடு வந்தது. பிறகு நிலம் சட்டென்று கீழே போய், எல்லாம் நீலமாகிவிட்டது. அவள் நிமிர்ந்து இருந்தாள். தொப்பி மடியில், தலைமயிர் முழுக்கக் காற்றில். மற்றக் கண்ணையும் திறந்தேன். கை மட்டும் வாங்கின் கம்பியை விடவில்லை. அது தன்பாட்டில் பயந்துகொண்டிருந்தது.