ஜினியின் வண்டிக்கு டயர் தேடியது

எங்கள் தெருவில் டயர்களுக்குத் தொப்பி போடுவார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது இந்தத் தெரு. பல வீடுகளின் முன்னால் ஒரு டிரெய்லர் நிற்கும். படுக்கை, சின்ன அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள சக்கர வீடு அது. வேண்டும்போது பிக்கப் வண்டியின் பின்னால் கோர்த்து இழுத்துப் போவார்கள். கோடையில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வெளியே போய்வந்தால் மீதி ஆண்டெல்லாம் அது நின்ற இடத்திலேயே நிற்கும். கொண்டுவந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் வெள்ளை உறை மாட்டிவிடுவார்கள். டயரில் வெயில் படக்கூடாதாம். வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் குலசேகரத்துக்காரன். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பிறந்து, பால் எடுக்கும் சிரட்டைகளுக்கு நடுவே ஓடி விளையாடியவன். எனக்கா இவர்கள் ரப்பரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு. இப்போது அந்த வெள்ளைத் தொப்பிகளைக் கடந்து நடக்கும்போது நான் சிரிப்பதில்லை.

என் மகள் ஜினி நர்ஸ். அவள் அம்மா செலினும் நர்ஸ்தான். செலினுக்கு இங்கே வேலை கிடைத்ததால்தான் நான் ஊரில் பார்த்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளையாக இருந்த ஜினியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். செலினுக்கு எப்போதும் இரவு வேலை. நான் வேலை பார்க்கும் கிடங்குக்குப் புறப்படும் நேரத்தில் அவள் காரை நிறுத்திக்கொண்டிருப்பாள். எங்கள் தாம்பத்தியத்தில் பாதி, வாசலில் சாவி கைமாறும் நேரத்தில்தான் நடந்தது. வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை ஜினிதான். இந்த ஆண்டு அவள் ஊர் ஊராகப் போய் வேலை செய்யும் நர்ஸாகப் பதிவு செய்துகொண்டாள். ஆள் குறைவான ஆஸ்பத்திரிகளில் சில மாதங்கள் வேலை, முடிந்ததும் அடுத்த ஊர். வீடு தேடி அலைய வேண்டாம் என்று இரண்டே சக்கரம் உள்ள பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினாள். முதல் வேலை நியூ மெக்சிகோவில் ஒரு மலையூரில்.

வாங்கும் முன் டயரைப் பார்த்தது நானும் என் அண்ணன் ராஜையனும். அண்ணன் குலசேகரத்தில் ஜீப் வைத்து ரப்பர் ஷீட் ஏற்றுகிறார். வாட்சப்பில் வீடியோ போட்டு, போனை டயரின் அருகே கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் ஊரில் டயர் பார்ப்பதென்றால் பட்டன் பார்ப்பதுதான். ரோட்டைத் தொடும் பக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா, விரல் நகம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்தால் போதும். அண்ணன் உற்றுப் பார்த்துவிட்டு, “லே மக்கா, முடிகூட உதிரல்லியே. ஓடாத டயராக்கும். கண்ண மூடிக்கிட்டு வாங்கு” என்றார். புது டயரில் முளை முளையாக நிற்குமே ரப்பர் முடி, அது உண்மையிலேயே அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கினோம்.

போன மாதம் நானும் ஜினியும் வெள்ளோட்டம் போனோம். அவள் பிக்கப்பை நான்தான் ஓட்டினேன். பொருள்களெல்லாம் ஏற்றியாகிவிட்டது, இழுவை எப்படி இருக்கிறது என்று பார்த்துவரலாம் என்று கிளம்பினோம். நெடுஞ்சாலையில் ஏறி அரைமணி நேரம் இருக்கும். பின்னால் பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். அடுத்த கணம் டிரெய்லர், கயிற்றை அறுக்கப் பார்க்கும் மாடுபோல எங்கள் வண்டியை இடமும் வலமும் அலைத்தது. பக்கத்துத் தடத்தில் வந்த பெரிய லாரியின் ஹார்ன் இன்னும் என் காதில் இருக்கிறது. பிரேக்கை மிதிக்காதீர்கள் என்று ஜினி சொன்னாள். அவள் குரலில் பதற்றமே இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசும் குரல் அது. ஓரத்தில் நின்றபிறகு இறங்கிப் பார்த்தால் இடப்பக்க டயரின் மேல்தோல் மொத்தமாக உரிந்து ரோட்டில் கிடந்தது. ஜினி ஸ்டெப்னியை மாட்டினாள். இருட்டத் தொடங்கியதால் நான் டார்ச் பிடித்தேனே தவிர, அதைச் சக்கரத்தில் காட்டாமல் வருகிற லாரிகளின் பக்கமே காட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் வீட்டில் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அண்ணனிடம் சொன்னபோது நம்பவே மாட்டேன் என்றார்.

“ஏலே, முடி உதிராத டயரு எப்பிடிலே வெடிக்கும்?”

“வயசாயிட்டாம் அண்ணே.”

“ஆருக்கு?”

“டயருக்கு.”

“ஓடாம எப்பிடிலே வயசாவும்?”

டயரின் பக்கவாட்டில் அது பிறந்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களாக எழுதியிருக்கும் என்று அந்த வாரம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வலப்பக்கத்தில் வெடிக்காமல் இருந்த டயரின் உள்பக்கத்தில், அடியில் படுத்துக் கிடந்து டார்ச் அடித்துத் தேடினேன். ஜினி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பிறந்த டயர் அது. பக்கவாட்டை அழுத்தி விரித்தால் கோடை வயலைப்போல நுண்ணிய வெடிப்புகள். அண்ணனுடைய ஜீப்பின் டயர் ஓடி ஓடித் தேய்ந்து, புதுப் பட்டன் ஒட்டப்பட்டு, மறுபடியும் தேய்ந்துதான் சாகும். நின்ற இடத்திலேயே உள்ளுக்குள் இறுகிச் செத்துப்போகும் டயரை எங்கள் ஊரில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஜினி வேலைக்குச் சேர வேண்டிய நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மலை ஏறி இறங்கும் பாதை, தனிப் பிள்ளை. அவள் உயிர் அந்த இரண்டு டயர்களின் மேல் போகப்போகிறது என்பதைத் தவிர வேறெதுவும் என் தலைக்குள் இல்லை. கிடங்கில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, ஸ்டெப்னியிலேயே டிரெய்லரை மெல்ல உருட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். அளவைப் பார்த்துவிட்டு, இதே அளவில் கார் டயர் இருக்கிறது, ஓட்டம் மெத்தென்று இருக்கும், இன்றைக்கே மாட்டலாம் என்றார். வேண்டாம், டிரெய்லருக்கென்றே செய்த டயர்தான் வேண்டும் என்றேன். கார் டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும். பின்னால் இழுபடும் வண்டிக்கு அந்த நெளிவே அலைச்சலாக மாறலாம் என்று படித்திருந்தேன். சரி என்று இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். நான் குனிந்து, திருப்பி, போன் வெளிச்சத்தில் நான்கு இலக்கங்களைத் தேடினேன். பிறகு அடுக்கில் இருந்த மற்றவற்றையும் தேடினேன். குளச்சல் சந்தையில் மீனின் செவிளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்காமல் வாங்குகிறவனை மீன்காரியே மதிக்கமாட்டாள். பார்ப்பது அங்கே சந்தேகமல்ல, மரியாதை. கடைக்காரரோ மார்பின் குறுக்கே கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். “எல்லாம் புதியவைதான். நான் பழைய சரக்கு விற்பதில்லை” என்றார். உங்களை நம்பாமல் பார்க்கவில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மீனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு டயர்களும் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவை. ஒரே வயதில் மூன்று வேண்டும், ஸ்டெப்னிக்கும் சேர்த்து என்றேன். வரவழைக்க வேண்டும் என்றார். “உள்ளே எவ்வளவு பாரம்?” என்று கேட்டார். “சமையலறைச் சாமான்கள்தான்” என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். “சமையலறை என்ன கனம் கனத்துவிடும்?” என்றார்.

அந்தக் கேள்வி எனக்குப் பயத்தை உண்டாக்கியது. ஏனென்றால் எங்கள் சமையலறையை அவருக்குத் தெரியாது. கடைவாசலில் டிரெய்லரைத் தள்ளி நின்று பார்த்தேன். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நேரே நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குப் போனேன். சீட்டில் வந்த எண்ணையும், டிரெய்லரின் கதவருகே ஒட்டியிருந்த உச்ச எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சீட்டில் இருந்த எண்தான் கூடுதல். எந்தப் புது டயரை மாட்டினாலும் இந்தக் கனத்துக்கு அச்சே தாங்காது. டிரெய்லருக்குள் ஏறி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணின் புகுந்த வீட்டுக்குத் தாய்வீட்டார் பாத்திரம் பண்டத்தோடு போவார்கள். அடுக்களை காணல் என்று பெயர். உருளி, குத்துப்போணி போன்ற பெரிய பாத்திரங்கள், அரிசி, தேங்காய் என்று ஒரு வீட்டுக்கு ஓராண்டுக்குப் போதும்படி கொண்டுபோய் இறக்குவார்கள். செலின் இரவு வேலை முடிந்து வந்து, நானும் ஜினியும் வெளியே போயிருந்த பகல்களில், தன் மகளுக்கு அந்தச் சின்ன டிரெய்லரில் அடுக்களை கண்டிருக்கிறாள். அரிசி மூட்டை, கல் கிரைண்டர், இரண்டு உருளி, இரும்புச் சட்டிகள், தேங்காய், எண்ணெய் டின், ஊறுகாய் பரணிகள். டிரெய்லரில் சமையல் மேடை இடப்பக்கம். எல்லாம் இடப்பக்கம்.

வீட்டுக்கு வந்து நானும் ஜினியும் இறக்க ஆரம்பித்தோம். தூக்கத்திலிருந்து எழுந்துவந்த செலின் வாசலில் நின்று பார்த்தாள்.

“கிரைண்டர எதுக்கு எறக்குதிய?”

“டயரு தாங்காது” என்றேன்.

“அப்பம் நல்ல டயரா வாங்கணும். பிள்ளைக்க அடுக்களைய எறக்கவா செய்வாவ?”

“அம்மா, நான் கல்யாணம் கட்டிப் போவல்ல. வேலைக்குப் போறேன்” என்றாள் ஜினி.

“கல்யாணம் கட்டினாத்தான் வயிறு பசிக்குமோ?”

ஜினி சிரித்துவிட்டாள். செலின் சிரிக்கவில்லை. உருளியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஒத்தைக்குப் போறவளுக்கு வேற என்னத்த குடுத்துவிடதுக்கு எனக்குத் தெரியும்?” என்றாள். கடைசியில் ஒரு சின்ன உருளியும் ஒரு பரணியும் போகலாம் என்று முடிவானது. மீதியை எடைபார்த்து இரண்டு பக்கமும் பிரித்து, கனமானவற்றை அச்சின் மேலே வரும்படி தரையில் வைத்தோம். மறுபடியும் எடைமேடைக்குப் போனேன். இந்த முறை சீட்டில் வந்த எண் உச்ச எடைக்குள் அடங்கியது. அங்கிருந்து டயர் கடைக்குப் போய், அந்தக் கனத்தைவிட நிறையவே கூடுதலாகத் தாங்கும் டயர்களாகச் சொல்லி, சக்கரத்தின் ரிம்மும் வால்வும் அவற்றுக்கான காற்றழுத்தத்தைத் தாங்குமா என்று கேட்டு, பழைய வால்வுகளையும் மாற்றச் சொன்னேன். கடைக்காரர் என்னோடு தர்க்கம் செய்வதை அதற்குள் விட்டிருந்தார்.

டயர் வந்துவிட்டது என்று அவர் போன் செய்த காலையில் ஜினி அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேசையருகே உட்கார்ந்தேன். டயர் வர இன்னும் நான்கு நாளாகும் என்று சொன்னால் அந்த வேலை வேறொருவருக்குப் போகும். இவள் எதிரே உட்கார்ந்து காபி குடிப்பாள். பயம் எங்கே முடிகிறது, என் தனிமை எங்கே ஆரம்பிக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, “கடைலயிருந்தா அப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “வந்துட்டா?” என்றாள். வந்துவிட்டது என்றேன். காபி ஆறும் முன்னால் கிளம்பிப் போனோம்.

புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஐம்பது மைல் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதைக் காரணமாக வைத்து, அவள் புறப்பட்ட விடியற்காலையில் நானும் என் காரில் பின்னாலேயே போனேன். ஐம்பது மைல் தூரமும் அந்த இரண்டு டயர்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நெடுஞ்சாலை ஓரத்து ரெஸ்ட் ஏரியா ஒன்றில் நிறுத்தினோம். ஜினி ஸ்பேனரை வாங்கி ஒவ்வொரு நட்டாகப் பார்த்தாள். ஒன்றுதான் லேசாக நகர்ந்தது. புறங்கையால் டயரைத் தொட்டுக் காட்டி, “ஜுரம் இல்ல” என்றாள். பிறகு, “இனி நீங்க வராண்டாம் அப்பா. இதுக்கு மேல வந்தா தூரம் கூடி, திரும்பிப் போவதுக்குச் சடைக்கும்” என்றாள். அவள் வண்டி மேடேறி மறையும்வரை நின்றேன். மறைந்தபிறகும் நின்றேன். வெயில் ஏறி, லாரிகள் வந்து இளைப்பாறிப் போயின.

அப்போது அண்ணன் அழைத்தார். ஊரில் இரவு.

“பிள்ள போயிட்டாளாலே?”

“போயிட்டா அண்ணே.”

“நீ வீட்டுல எத்திட்டியா?”

“இல்ல. வழியில நிக்கேன்.”

“எந்த ஊருல?”

சுற்றிலும் பார்த்தேன். ஒரு கூரை, இரண்டு மேசைகள், மைல் கணக்கு எழுதிய பச்சைப் பலகை. “ஊரு ஒண்ணும் இல்ல அண்ணே. நடுவுல” என்றேன்.

அவர் ஏதோ சொல்லும் முன் ஜினியின் அழைப்பு வந்தது. அண்ணனைக் காத்திருக்கச் சொல்லி அதை எடுத்தேன். மாநில எல்லையைத் தாண்டிவிட்டாளாம். மறுபடியும் நிறுத்தித் தொட்டுப் பார்த்தாளாம்.

“ரெண்டும் ஒரே சூடு அப்பா.”

“எவ்வளவு சூடு மக்களே?”

“பிள்ளையள குளிப்பாட்டுத வெள்ளம் மாதிரி” என்றாள். தண்ணீரை வெள்ளம் என்று சொல்வது எங்கள் பக்கத்துப் பேச்சு. டெக்சாஸில் வளர்ந்த பிள்ளை, நியூ மெக்சிகோவில் நின்றுகொண்டு சொன்னாள். சரி, பைய போ என்று வைத்தேன்.

அண்ணனின் இணைப்பு திரும்பியது. அவர் போனை எங்கோ வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அங்கே மழை. தகரக் கூரையில் விழும் மழையும், அதற்குப் பின்னால் ரப்பர் இலைகளில் விழும் மழையும் தனித்தனியாகக் கேட்டன. என் முன்னால் காய்ந்த தரையும், கானல் நெளியும் சாலையும், அதில் மேற்கே போகும் வண்டிகளும் தெரிந்தன. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வெயில் கண்ணைக் கூசவைத்தது. மழை வலுத்தது. வெகுநேரம் கழித்து அண்ணனின் குரல் வந்தது.

“லேய், நீ லைன்ல உண்டா?”

“உண்டு அண்ணே” என்றேன்.