அங்கணத்துக்கு ஒரு மாற்றாள்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே சந்தோஷப்படும். முத்துவடிவு மட்டும் தன் விரல்களைப் பார்த்துக்கொள்வாள். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, ஏழு ஜென்மத்துப் பசியோடு நமசிவாயம் பிள்ளையின் சாப்பாட்டுக்கடைக்கு வந்து உட்காருவார்கள். இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர்களுக்குச் சோறு வடித்த அண்டாவும் குழம்பு கொதித்த தவலையும் அடுக்களைக்குப் பின்னால் இருந்த அங்கணத்துக்கு வந்து சேரும். கல் பாவிய அந்த மூலையில், ஓலைச் சாய்ப்பு முதுகில் ஒழுக, குத்தவைத்து உட்கார்ந்து முத்துவடிவு தேய்த்துக்கொண்டிருப்பாள்.

சுதந்திரம் கிடைத்த வருஷம் பிள்ளை கடை திறந்தார். அதே வருஷம்தான் முத்துவடிவின் புருஷன் இசக்கியப்பன் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். நாலு பாத்திரம் தேய்த்தால் வயிறு கழுவலாம் என்று வந்தவள், பன்னிரண்டு சீசன் அந்தக் கல்லிலேயே கழித்துவிட்டாள். இப்போது பத்து விரலில் ஏழில் நகச்சுற்று. விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துக் கிடந்தது. தண்ணீரில் கை வைக்காதே என்று தென்காசி டாக்டர் சொல்லி அனுப்பினார். ஊறுகாய்க்காரியிடம் உப்பைத் தொடாதே என்று சொல்ல அவருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

புளியங்குடியில் அவளுடைய தங்கை வள்ளித்தாய் இருந்தாள். கமிஷன் கடையில் எலுமிச்சம்பழம் தரம் பிரிக்கிறவள். காய்ந்த தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து பெரிசையும் சிறிசையும் பிரித்துப் போடுகிற வேலை. "வந்து எங்கூட இரு, கடையில கேட்டுப் பாப்போம்" என்று சொல்லியிருந்தாள். காய்ந்த தரை என்ற ஒன்றை நினைத்தாலே முத்துவடிவுக்குக் கண்ணில் நீர் வந்தது.

வைகாசி பாதியில் பிள்ளையிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, இந்த சீசனுக்கு என்னால ஏலாது. வெரலு பூராவும் போச்சு. புளியங்குடியில எலுமிச்சம்பழக் கமிசன் கடைக்குத் தங்கச்சி கூப்பிடுதா."

பிள்ளை கெட்ட மனுஷர் இல்லை. அடுப்பில் வெந்து வெந்து அவரும் பாதியாகிப் போனவர்தான். அவளுடைய விரல்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழத்துல வெரலச் சொருகச் சொல்லுவாங்க. நீ என்னன்னா கமிசன் கடைக்குள்ளயே போய்ச் சொருகிக்கிடப் போறேங்கிற" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "போ, வேண்டாங்கல. ஆனா மாத்தாள் ஒண்ண நீயே பாத்து விட்டுட்டுப் போ. சீசன் நேரத்துல ஆளத் தேடி நான் எங்கன அலைய?"

அந்தப் பக்கத்துக் கடைகளில் அதுதான் வழக்கம். போகிறவள் தன் இடத்தில் ஒருத்தியை உட்காரவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

முதலில் மேலகரத்துக்காரி ஒருத்தி வந்தாள். கை வேகமென்றால் அப்படி ஒரு வேகம். தன் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும் என்று பித்தளைத் தவலையைச் செங்கல் பொடியும் புளியும் போட்டு வெளியே தேய்த்தாள். அதோடு நிறுத்தினாளா? உள்ளேயும் தேய்த்தாள். உள்ளே பூசியிருந்த ஈயம் முழுவதும் சுரண்டிக்கொண்டு போய், தவலை தங்கக்குடமாக ஜொலித்தது. பிள்ளையே மலைத்துப்போய், "கெட்டிக்காரிதான்" என்றார். மறுநாள் அந்தத் தவலையில் வைத்த புளிக்குழம்பு களிம்பேறிக் கசந்து, மத்தியானப் பந்திக்குக் குழம்பே இல்லாமல் போனது. உள்பக்கத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தடவினாற்போலத்தான் கழுவ வேண்டும் என்று முத்துவடிவு சொல்லாமல் விட்டுவிட்டாள். ஊரறிந்த சங்கதியை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? பிள்ளையின் ஏச்சு முத்துவடிவுக்குத்தான் விழுந்தது.

அடுத்து வந்தவள் செங்கோட்டைக்காரி. வயிறு நிறையச் சாப்பிட்டாள். அங்கணத்தில் குவிந்து கிடந்ததை ஒருமுறை பார்த்தாள். வெற்றிலை வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனாள். இன்னும் எந்தத் தோட்டத்தில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருக்கிறாளோ தெரியாது.

ஆனி பிறந்துவிட்டது. மேற்கே மலை மூடிக்கொண்டது. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள். முத்துவடிவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் ரெபேக்காள் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தென்காசியில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். புகையிலைத் தூள் நெஞ்சில் ஏறி, இரைப்பு வந்து, அந்த வேலையை விட்டிருந்தாள். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. முத்துவடிவு இந்தமுறை வாய்விட்டுச் சொல்ல நினைத்தாள். அதற்குள் ரெபேக்காள் தவலையைக் கவிழ்த்துப் பார்த்து, நிமிர்த்தி, உள்ளே சாம்பலைத் தூவி நாரால் பதமாகத் தடவ ஆரம்பித்துவிட்டாள். தேடிய ஆள் இவள்தான். முத்துவடிவுக்குப் புளியங்குடி பஸ்ஸே கண்ணில் தெரிந்தது.

சாயங்காலம் ரெபேக்காள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். பீடி இலையை மடித்து மடித்துப் பழகிய மெல்லிய விரல்கள். ஒரு நாள் தண்ணீரிலேயே நுனியெல்லாம் சுருங்கி வெளிறியிருந்தன. முத்துவடிவு அதைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

நேராகப் பிள்ளையிடம் போனாள். "இவளும் ஆகாது அண்ணாச்சி. ஆமை மாதிரித் தேய்க்கா. சீசனுக்குத் தாங்க மாட்டா."

பிள்ளை பெருமூச்சு விட்டார். "அப்ப நீயே கெடந்து தேயி."

அன்று வீட்டுக்கு நடக்கும்போது முத்துவடிவுக்கு விரல்கள் தெறித்தன. ஆனாலும் ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளாமல் விட்டோம் என்று மனசு கொஞ்சம் நிறைந்திருந்தது. புண்ணியம் செய்தவர்களுக்கு வருகிற அந்த நிறைவு அவளுக்கும் வந்தது. விடியும் வரைதான் அது நின்றது.

காலையில் கடை வாசலிலேயே ரெபேக்காள் மறித்தாள்.

"யக்கா, எம்மேல ஒங்களுக்கு என்ன கோவம்? ஆமை மாதிரித் தேய்க்கேன்னு சொன்னியளாமே."

முத்துவடிவு தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "ஏட்டி, இதப் பாரு. ஒனக்கும் இப்படி ஆவணுமா? ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

ரெபேக்காள் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"நேத்து வந்தொடனே பாத்துட்டேன்க்கா. பாத்துட்டுத்தான் ஒக்காந்தேன். பீடி சுத்தி நெஞ்சு போச்சு, இனி வெரல மட்டும் பத்திரமா வச்சு யாருக்குக் காட்ட? நேத்து ராத்திரி எங்கம்மைக்கு வெறும் நீச்சத்தண்ணிதான். நீங்க எரக்கப்பட்டியள்லா, அத வச்சுக் கஞ்சி காய்ச்ச முடியுமா?"

முத்துவடிவு விரித்த கையை மடக்கிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. தான் வந்த முதல் நாளில் யாராவது இப்படி இரக்கப்பட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், அனுப்பியவளை மண்ணள்ளித் தூற்றியிருப்போம் என்று நினைத்தாள். உள்ளே போனாள்.

"அண்ணாச்சி, அவளே இருக்கட்டும்."

"நேத்து ஆமைன்ன?"

"நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

பிள்ளை சரியென்று கையை அசைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். அவருக்கு அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

ரெபேக்காள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். வெளியே சாரல் பிடித்துவிட்டது. முதல் பந்திக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்ததும், நிற்பதா போவதா என்று தெரியாமல் முத்துவடிவு சாய்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடுதலை கிடைத்தும் மனசில் ஒரு சந்தோஷமும் இல்லை. உடம்பு மட்டும் எங்கேயாவது படுத்தால் போதும் என்று கெஞ்சியது.

"வாறேன்ட்டி. புளியங்குடியில எலுமிச்சம்பழக் கடைக்குப் போறேன்" என்றாள்.

ரெபேக்காள் அண்டாவுக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள்.

"யக்கா, அந்த எலுமிச்சம்பழக் கடையில இன்னொரு ஆளுக்கு எடம் இருந்தா சொல்லி விடுங்க. இங்கனக்கு மாத்தாள நான் பாத்துக்கிடுதேன்."