உக்காரு என்றால் தரை

இரண்டு முழங்கால் மூட்டுகளையும் ஒரே அறுவை சிகிச்சையில் மாற்றிய மறுநாள், நடை பழக்க வந்த பெண் அம்மாவை வாக்கரோடு நிற்க வைத்தாள். நாலடி நடந்ததும், "உக்காருங்கம்மா" என்றாள். பின்னால் நாற்காலி போட்டிருந்தது. அம்மாவோ தரையை நோக்கிச் சரியத் தொடங்கினாள். பதறிப்போய் இருவருமாகத் தாங்கிப் பிடித்தோம். "தரையில குந்தற ஆசைய இத்தோட வுட்டுடணும்" என்று அந்தப் பெண் சிரித்தாள். வலியோடு அம்மாவும் சிரித்தாள்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளி வீட்டில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மாவுக்கு வேலை. குந்தியபடி பாத்திரம் துலக்கி, குந்தியபடி தரை துடைத்து, முட்டி தேய்ந்தது அங்கேதான். அந்த வீட்டில் அவளிடம் 'உக்காரு' என்றால் தரையில் என்று பொருள். அதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

ஒவ்வொரு காலாகச் செய்யலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். அம்மாதான் கேட்கவில்லை. "ரெண்டு தபா லீவு போட்டா அந்தம்மா வேற ஆள வச்சிக்குவாங்கபா." அதனால் ஊன்றிக்கொள்ள ஒரு நல்ல கால்கூட இல்லாமல் கிடந்தாள். கழிப்பறைக்கு நான் தாங்கி அழைத்துப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முட்டியை மடக்கும்போது முந்தானையைக் கடித்துக்கொள்வாள். "நின்னுகினு செய்யற வேல அங்க எவ்ளோ இருக்குது. சமைப்பேன், துணி மடிப்பேன்" என்பாள்.

நடை தேறியதும் வேலை கேட்க என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். முதலாளியம்மாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நல்லா நடக்கிறியேம்மா. உக்காரு, காபி கொண்டாரேன்" என்றார். அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாற்காலி இருந்தால் யாரும் உட்காரலாம் என்று நம்புகிறவன். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டேன். அதன் விளிம்பில் அம்மா ஒட்டிக்கொண்டாள்.

காபியோடு வந்த முதலாளியம்மாவின் பார்வை நாற்காலியில் ஒரு கணம் நின்றது. "நீ இனிமே ரெஸ்ட் எடு. புள்ளதான் படிச்சு ஆளாயிட்டானே" என்றார். குரலில் கோபமே இல்லை. சமையலைப் பற்றியோ துணி மடிப்பதைப் பற்றியோ அம்மா வாயைத் திறக்கவில்லை.

தெருவுக்கு வந்த பிறகு சொன்னாள்: "நின்னுகினே கேட்டிருப்பேன்பா."

இப்போது பெருமாள் கோயிலுக்குத் தனியாகவே போய் வருகிறாள். அந்த வீட்டைத் தவிர்க்க இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போகிறாள். எவ்வளவு நடந்தாலும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.